தலைப்பைப் பார்த்துப் பாட்டுப் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலை, கொட்டகலை பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் திருவிழா, கல்யாணம், சடங்கு, சாவு என்று எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுகிறவன் நான். கேசட்டில் தொடங்கி, சிடிக்கு மாறி, இப்போது பென் டிரைவில் வந்து நிற்கிறேன். சாமான் மாறினாலும் ஆட்கள் கேட்கிற கேள்வி மாறவில்லை. "அண்ணே, பேரைப் பார்த்தா சாமிப்பாட்டு மாதிரி இருக்கே, போடலாமா?" இதைக் கேட்காத கோயில் கமிட்டி இல்லை. ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பாட்டின் தலைப்பை வைத்து அதன் இசை எந்த வகை என்று சொல்லிவிட முடியுமா?

பெரும்பாலும் முடியாது. முடிகிற இடங்களிலும் தலைப்பின் அர்த்தம் கைகொடுப்பது குறைவு, அதன் ஓசைதான் கைகொடுக்கும். அது எப்படி என்று மூன்றாவது கேள்வியில் சொல்கிறேன்.

தலைப்பு வைப்பதே உள்ளே இருப்பதைச் சொல்லத்தானே?

கதைக்கும் கட்டுரைக்கும் சரி. நம் பாட்டுகளுக்கு யார் தலைப்பு வைத்தார்கள்? சினிமாப் பாட்டோ, தேவாரமோ, கீர்த்தனையோ, முதல் வரியில் வருகிற இரண்டு மூன்று சொல்தான் அதற்குப் பெயர். வீட்டில் ஒரு பிள்ளையை "ஏய், சிவப்புச் சட்டை" என்று கூப்பிடுகிற மாதிரி. அடையாளத்துக்கு உதவும், குணத்தைச் சொல்லாது.

இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர் எல்லாம் சொல்லிவிட்டுப் பாட்டைப் போடுவார். பாட்டுக்கென்று தனியாக ஒரு பெயர் அங்கே தேவைப்படவில்லை. நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை போட்டவர்களும் முதல் வரியைத்தான் எழுதினார்கள். பி. எச். அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' முழுக்க முழுக்க முதல் எழுத்தை வைத்தே ஓடியது. 'க' என்று எழுத்து விழுந்தால் ஒருவர் தாலாட்டுப் பாடுவார், அடுத்தவர் குத்துப்பாட்டு எடுப்பார். இரண்டுக்கும் கைதட்டல் கிடைக்கும்.

இதில் உஷாரானவர்கள் கச்சேரிக்காரர்கள்தான். 'நகுமோமு' என்று மட்டும் எழுதி விட்டுவிட மாட்டார்கள். பக்கத்திலேயே ஆபேரி, ஆதி என்று ராகத்தையும் தாளத்தையும் போட்டுவிடுவார்கள். முதல் வரி இசையைச் சொல்லாது என்பது அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

அப்படியானால் முதல் வரியால் ஒரு பிரயோசனமும் இல்லையா?

இருக்கிறது. ஆனால் கண்ணால் வாசிக்காதீர்கள், வாயால் சொல்லிப் பாருங்கள்.

அருணகிரிநாதரின் திருப்புகழை எடுத்துக்கொள்வோம். 'முத்தைத்தரு பத்தித் திருநகை' என்று ஒரு தடவை சத்தமாகச் சொல்லுங்கள். 'தத்தத்தன தத்தத் தனதன' என்று அதன் சந்தம் நாக்கிலேயே உட்கார்ந்திருக்கும். அர்த்தம் தெரியாத பிள்ளைகூட அந்த நடையைப் பிடித்துவிடும். தாளம் போடுகிறவருக்கு அதற்கு மேல் குறிப்பே வேண்டாம். இங்கே முதல் வரி பாட்டின் ஓட்டத்தை அப்படியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆனாலும் ராகத்தைச் சொல்லாது. அதே திருப்புகழை வேறு வேறு ராகத்தில் பாடக் கேட்டிருப்பீர்கள்.

'ஆராரோ ஆரிரரோ' என்று தொடங்கினால் தாலாட்டு. 'ஏலேலோ' என்றால் ஓடப்பாட்டு. தோணியையே காணாத மலையில் பிறந்த எனக்கும் 'ஏலேலோ' கேட்டால் துடுப்புப் போடுகிற ஆள்தான் கண்ணுக்கு வருகிறார். இந்தச் சொற்களுக்கு அகராதியில் என்ன அர்த்தம் போட்டிருக்கிறது என்று யாரும் தேடிப் போவதில்லை. ஓசையே வகையைச் சொல்லிவிடுகிறது.

இசை வகையின் பெயரே தலைப்பில் இருந்தால் நம்பலாம்தானே?

இந்த நம்பிக்கையில் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழா. நிகழ்ச்சி நிரலில் கடைசி நடனம் 'தில்லானா' என்று இருந்தது. நடன டீச்சர் சிடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். "உங்ககிட்ட தில்லானா இருக்கா?" என்று கேட்டார். பட்டியலைப் பார்த்தேன், இருந்தது. "இருக்கு டீச்சர்" என்றேன்.

பிள்ளை சலங்கையைக் கட்டிக்கொண்டு வந்து அரைமண்டியில் நின்றாள். கையை நெஞ்சுக்கு நேரே வைத்துக் கண்ணை நேராக வைத்திருந்தாள். நான் பொத்தானை அழுத்தினேன். வந்தது 1995இல் வெளிவந்த 'முத்து' படத்து 'தில்லானா தில்லானா'. பின்வரிசைப் பையன்கள் விசில் அடித்தார்கள். பிள்ளை டீச்சரைப் பார்த்தாள், டீச்சர் என்னைப் பார்த்தார், நான் வயரைப் பார்த்தேன். நிறுத்தலாம் என்று கையை வைக்கும்போது அந்தப் பிள்ளை அந்த அடிக்கே அடவு போடத் தொடங்கிவிட்டாள். தலையை மட்டும் கொஞ்சம் அசைத்து, காலைச் சரியாகத் தட்டி, கடைசிவரை ஆடி முடித்தாள். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. டீச்சர் இன்றைக்கும் என்னைக் கண்டால், "தில்லானா சௌக்கியமா?" என்றுதான் கேட்பார்.

உண்மையான தில்லானா ஜதிச் சொற்களால் கட்டப்பட்ட உருப்படி. கச்சேரியிலும் பரதத்திலும் கடைசிப் பக்கமாக வரும். ஏ. ஆர். ரகுமானின் பாட்டு கதாநாயகனும் கதாநாயகியும் ஆடுகிற டூயட். தில்லானா என்ற சொல்லின் துள்ளலை மட்டும் எடுத்துக்கொண்டது. அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். தப்பு பட்டியலை நம்பிய என்னுடையது.

'நின்னுக்கோரி வர்ணம்' கொஞ்சம் வேறு ரகம். 1988இல் வந்த 'அக்னி நட்சத்திரம்' படத்தில் இளையராஜா இசையில் சித்ரா பாடியது. அது வர்ணம் என்கிற கர்நாடக உருப்படி கிடையாது, துள்ளலான சினிமாப் பாட்டு. ஆனால் சங்கீதம் படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரிந்த மோகன ராக வர்ணம் ஒன்று 'நின்னுக்கோரி' என்றுதான் தொடங்கும், இந்தச் சினிமாப் பாட்டும் மோகனம்தான். உருப்படியின் பெயர் பொய், ராகத்துக்கான குறிப்பு நிஜம். பாதி உண்மை சொல்கிற தலைப்பு.

தலைப்பு முழு உண்மையைச் சொன்ன பாட்டும் உண்டு. 1994இல் 'காதலன்' படத்தில் வந்த 'பேட்டை ராப்'. பேட்டைப் பேச்சு, ராப் நடை. சொன்னது சொன்னபடி இருக்கும்.

'பாடறியேன் படிப்பறியேன்' பாட்டை மகள் போட்டியில் பாடப்போகிறாள். நாட்டார் பாடல் பிரிவா, கர்நாடகப் பிரிவா?

இந்தக் கேள்வியை மூன்று வீட்டிலாவது கேட்டுவிட்டார்கள். பாட்டும் லேசுப்பட்டதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

1985இல் வந்த கே. பாலசந்தரின் 'சிந்து பைரவி' படத்துப் பாட்டு. இசை இளையராஜா, பாடியவர் சித்ரா. சித்ராவுக்கு முதல் தேசிய விருது வாங்கிக்கொடுத்தது இதுதான். முதல் வரி என்ன சொல்கிறது? எனக்குப் பாட்டுத் தெரியாது, படிப்புத் தெரியாது என்கிறது. மெட்டும் வயல் வரப்பில் நடக்கிற மெட்டாகத்தான் ஆரம்பிக்கும். கேட்கிறவர் நாட்டார் பாட்டு என்றே எழுதிக்கொள்வார். அப்புறம் அது மெல்ல மெல்லச் சுரங்களுக்குள் இறங்கி, கடைசியில் தியாகராஜரின் 'மரி மரி நின்னே' கீர்த்தனையில் போய்ச் சேரும். வழக்கமாகக் காம்போஜி ராகத்தில் பாடுகிற கீர்த்தனை அது. இளையராஜா அதைச் சாரமதியில் வைத்தார். நாட்டுப்புற மெட்டுக்கும் கீர்த்தனைக்கும் நடுவே தையல் தெரியாது. பாட்டுத் தெரியாது என்று பெயர் வைத்துக்கொண்டு, தெரிந்தவர்களையே திகைக்க வைக்கிற பாட்டு.

ஆக தலைப்பு பொய்யா? கதைக்குள் அது உண்மை. பெரிய வித்துவான் முன்னால் நின்று, சாதாரண சனங்களுக்குப் புரிகிற பாட்டும் சங்கீதம்தான் என்று ஒரு பெண் காட்டுகிற இடம் அது. அந்தத் தன்னடக்கமே அவள் கையில் இருக்கிற ஆயுதம். தலைப்பை மட்டும் பார்த்தால் இந்தக் குறும்பு பிடிபடாது.

போட்டிக்கு என் யோசனை: இரண்டு பிரிவிலும் கொடுக்க வேண்டாம். நாட்டார் பாடல் நடுவர் சுரம் வந்ததும் பேனாவை வைத்துவிடுவார், கர்நாடக நடுவர் முதல் நிமிஷத்திலேயே வைத்துவிடுவார். திரையிசை என்று ஒரு பிரிவு இருந்தால் அங்கே கொடுங்கள். அதுவும் மூச்சுப் பலம் உள்ள பிள்ளையாக இருந்தால் மட்டும்.

கோயில் திருவிழாவில் 'ராக்கம்மா கையத் தட்டு' போடலாமா?

முதல் வரியை வாயால் சொல்லிப் பாருங்கள் என்றேனே, இதற்கு அது நன்றாகப் பொருந்தும். 'கையத் தட்டு' என்கிற இடத்தில் கை தானாகத் தட்டும். குத்துத்தான். 1991 'தளபதி' படம், இளையராஜா இசை. 2002இல் பிபிசி நடத்திய உலகப் பாட்டு வாக்கெடுப்பில் நாலாவது இடத்துக்கு வந்த பாட்டு.

ஒரு தோட்டத்துத் தேர்த் திருவிழாவில் இளைஞர்கள் இதைப் போடச் சொன்னார்கள். கமிட்டியில் ஒரு மாமாவுக்குக் கோபம். "சாமி வெளியில வர்ற நேரத்துல குத்துப்பாட்டா? நிறுத்துடா!" என்று கத்திக்கொண்டு மேடையடிக்கே வந்துவிட்டார். வருவதற்குள் பாட்டு நடுப்பகுதிக்குப் போய்விட்டது. மேளம் அடங்கி, பெண் குரல்கள் 'குனித்த புருவமும் கொவ்வைச் செவ்வாயில்' என்று அப்பர் தேவாரத்தைப் பாடுகிற இடம். மாமா பாதி வழியில் நின்றார். உதடு அசைந்தது, மனப்பாடம் போல. அது முடிந்து மறுபடி குத்துத் தொடங்கியதும்தான் அவருக்குக் கோபம் ஞாபகம் வந்தது. "சரி சரி, சத்தத்தைக் குறை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் பதில்: சாமி புறப்படும்போது வேண்டாம். தேர் நிலைக்கு வந்த பிறகு போடலாம்.

மலையக நாட்டார் பாட்டுகளுக்கும் இது பொருந்துமா?

இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

'கோணக் கோண மலையேறி' என்ற வரியைக் கேட்காதவர் இங்கே குறைவு. அந்த மூன்று சொல்லை மட்டும் கேட்டால் உல்லாசமாக மலையேறுகிற பாட்டு போல இருக்கும். இரண்டு வரி தாண்டினால் ஒரு பழம் தவறிவிட்டதென்று சின்னதுரை, அதாவது தோட்டத்து உதவி மேலாளர், உதைத்த கதை வரும். பறிப்பது கொழுந்தைக் கூட இல்லை, கோப்பிப் பழம். 1869இல் இலைநோய் கண்டு கோப்பித் தோட்டங்கள் படிப்படியாக அழிந்து, தேயிலை வருவதற்கு முந்தைய நாளின் வாசனை அதில் இருக்கிறது. இசை வகையைச் சொல்லாவிட்டாலும் அந்தக் கோப்பிப் பழம் பாட்டின் வயதைச் சொல்லிவிட்டது.

இசை வகை என்று கேட்டால் எதைச் சொல்வது? எங்கள் அம்மாயி இதைப் பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இழுத்துப் பாடுவார். தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் நடுவில் ஒரு மெட்டு. அதையே கலை நிகழ்ச்சி மேடையில் பையன்கள் தப்பு மேளமும் டோலக்கும் வைத்து வேகமாகப் பாடக் கேட்டிருக்கிறேன், காலைத் தூக்கி ஆடலாம் போல இருந்தது. சொல் ஒன்றுதான். சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தேடித் தொகுத்துத் தந்ததால் சொல் நமக்கு மிஞ்சியது. மெட்டு அந்தந்த அம்மாயியோடு போகிறது.

இதற்கு நேர் எதிராக, பெயர் ஒழுங்காக வேலை செய்கிற ஒரு இடமும் நம்மிடம் உண்டு, அது தப்பு மேளம். முன்பெல்லாம் விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக் களத்துக்கு, அதாவது பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு, கூப்பிட அடித்தது பெரட்டுத் தப்பு. சாமிக்கு அடிக்கிற அடி வேறு, கல்யாணத்துக்கு வேறு, சாவுக்கு வேறு. பெயர் சொல்வது அடி எந்த வேலைக்கு என்பதைத்தான், எந்த நடை என்பதை இல்லை. ஆனால் வேலை தெரிந்துவிட்டால் அடிக்கிறவர் கைக்கு நடை தானாக வரும். கீழ் லயத்தில், அதாவது கீழே இருக்கிற தோட்டத்து வீட்டு வரிசையில், தப்புச் சத்தம் கேட்டால் மேல் லயத்தில் இருக்கிறவர், போய்ப் பார்க்காமலேயே, துண்டைத் தோளில் போடுவதா வெள்ளை வேட்டியை எடுப்பதா என்று முடிவெடுத்துவிடுவார். எந்தப் பென் டிரைவ் பட்டியலும் இந்த அளவுக்குத் துல்லியமாக எனக்கு உதவியதில்லை.

காமன் கூத்தையும் சொல்ல வேண்டும். மாசி மாதத்தில் அந்தப் பெயரைக் கேட்கிற வெளியூர்க்காரர் ஏதோ காதல் களியாட்டம் என்று நினைத்துக்கொண்டு வருவார். ரதியும் மன்மதனும் ஆடுவது உண்மைதான். ஆனால் கூத்து போய் முடிகிற இடம் மன்மதன் எரிகிறதும் ரதி புலம்புகிறதும்.

'சுராங்கனி' என்ன வகை?

பைலா, நம் இலங்கையின் துள்ளலான ஆட்டப் பாட்டு வகை. ஏ. இ. மனோகரன் பாடிப் பரப்பிய பாட்டு. தலைப்பு ஒரு பெண் பெயர், இசையைப் பற்றி மூச்சே விடாது. ஆனால் அந்தப் பெயரைச் சொன்னதும் சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று பார்க்காமல் எல்லார் இடுப்பும் அசையத் தொடங்கும். கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்தபின் "பைலா ஒண்ணு போடுங்க" என்று யாராவது வந்தால் நான் வேறெதையும் தேடுவதில்லை.

ஆங்கிலப் பாட்டுகளில் தலைப்புத் தனியாக வைக்கிறார்களே, அங்கே நம்பலாமா?

அங்கேயும் கலவைதான். 'டென்னசி வால்ட்ஸ்' சொன்னபடி வால்ட்ஸ், மூன்று மூன்றாக எண்ணினால் சரியாக விழும். 1914இல் டபிள்யூ. சி. ஹேண்டி வெளியிட்ட 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' பெயரளவில் புளூஸ், உள்ளேயும் பெரும்பகுதி புளூஸ்தான். ஆனால் நடுவில் ஒரு பகுதி டாங்கோ மாதிரியான லத்தீன் அடிக்குப் போய்விட்டுத் திரும்பும். ராக்கம்மாவுக்குள் தேவாரம் வந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளை ஏமாற்றுவதில் முதலிடம் பீத்தோவனின் 'மூன்லைட் சொனாட்டா'வுக்கு. அந்த நிலாப் பெயரை அவர் வைக்கவேயில்லை. 1827இல் அவர் செத்துப்போன பிறகு, ரெல்ஸ்டாப் என்ற விமர்சகர் ஏரியில் விழுகிற நிலவொளிக்கு ஒப்பிட்டதில் இருந்து ஒட்டிக்கொண்டது. பீத்தோவன் வைத்த குறிப்பு, 'கற்பனைப் போக்கில் ஒரு சொனாட்டா' என்பது போன்றது. முதல் பகுதிக்கு நிலா பொருந்தும். மூன்றாம் பகுதியைக் கேளுங்கள், ஏப்ரல் மாதப் பின்னேரத்தில் மலைக்கு மேலே இடி இடிக்கிற மாதிரி இருக்கும். ஒரு கல்யாண வரவேற்புக்கு "மெல்லிசாகப் பியானோ" கேட்டார்கள் என்று முழுவதையும் ஓடவிட்ட ஆள் ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம், எங்கள் தொழிலில்தான் இருக்கிறார்.

பென் டிரைவில் 'மெலடி', 'குத்து', 'சோகம்' என்று பிரித்து வைத்திருப்பதை நம்பலாமா?

யார் பிரித்தார் என்பதைப் பொறுத்தது. 'மெலடி' என்றால் மெட்டு, அது எல்லாப் பாட்டிலும் இருக்கிறது. நாம் அந்தச் சொல்லை மெதுவான பாட்டுக்கு வைத்துக்கொண்டோம். பரவாயில்லை, ஊரே அப்படிப் புரிந்துகொள்கிறது. 'சோகம்' ஃபோல்டர்தான் ஆபத்தானது. சொல்லைப் பார்த்துப் பிரித்திருப்பார்கள். 2011இல் ஊரெல்லாம் ஓடிய 'கொலவெறி' பாட்டைச் சோகத்திலும் கண்டிருக்கிறேன், குத்திலும் கண்டிருக்கிறேன். காதல் தோல்விப் பாட்டு, ஆனால் அடி ஜாலியாகப் போகும். தலைப்போ கொலைக்கு ஆள் அனுப்புகிற மாதிரி. மூன்றும் மூன்று திசை.

அப்புறம் ரீமிக்ஸ். அதே பெயரில் இருக்கும், உள்ளே டம்ளர் உடைகிற சத்தம் கேட்கும். நான் செய்வது இதுதான்: ஹெட்ஃபோனில் முதல் இருபது விநாடி, நடுவில் பத்து விநாடி, கடைசியில் பத்து விநாடி கேட்காமல் எந்தப் பாட்டையும் வெளியே விடுவதில்லை. நடுவைக் கேட்பது முக்கியம். ராக்கம்மாவும் பாடறியேனும் தங்கள் குணத்தை அங்கேதான் வைத்திருக்கின்றன.

நாங்கள் சொந்தமாகப் பாட்டு எடுத்து யூடியூபில் போடுகிறோம். தலைப்பு எப்படி வைப்பது?

முதல் வரியையே வையுங்கள், சனங்கள் அதைத்தான் தேடுவார்கள். பக்கத்தில் கச்சேரிக்காரர் செய்கிற மாதிரி இரண்டு சொல் சேருங்கள்: தெம்மாங்கு, கும்மி, தாலாட்டு, தப்பிசை என்று எதுவோ அது. 'மலையகப் பாடல்' என்று மட்டும் போடாதீர்கள். அது ஊரைச் சொல்கிறது, இசையைச் சொல்லவில்லை. தப்பே அடிக்காத பாட்டுக்குத் தப்பிசை என்று போட்டால் கீழே கருத்துப் பெட்டியில் தப்புக் கலைஞர்கள் வந்து அடிப்பார்கள். அது மட்டும் தாளத்தோடு விழும்.

சாவு வீட்டுக்குப் போட ஒரு பட்டியல் தருவீர்களா?

தரமாட்டேன். வீட்டாரிடம் கேளுங்கள். போன வருஷம் ஒரு தாத்தா தவறிவிட்டார். நான் வழக்கமான தத்துவப் பாட்டுகளோடு போயிருந்தேன். அவர் மகள் வந்து, "அண்ணே, அப்பாவுக்கு 'நான் ஆணையிட்டால்' போடுங்க" என்றார். சாட்டையைச் சுழற்றிக்கொண்டு பாடுகிற பாட்டு, சாவு வீட்டிலா என்று யோசித்தேன். எம்.ஜி.ஆர். நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பதில் தாத்தாவுக்குத் தனிப் பெருமை, ஏதோ சொந்தத் தம்பி மாதிரி பேசுவார். சத்தத்தைக் குறைத்துப் போட்டேன். முற்றத்தில் உட்கார்ந்திருந்த கிழவர்கள் இரண்டு பேர் அதைக் கேட்டதும் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். இரண்டாம் சரணம் வரும்போது கீழே தப்பு எடுத்துவிட்டார்கள். நான் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு வயரைச் சுற்றத் தொடங்கினேன்.